மறுகாய்ச்சல்

காய்ச்சல் விட்டுவிட்டது என்று என் மாமியாருக்குப் போன் போட்டது நான்தான். அதில் என்ன தப்பு? பெற்றவளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? நான் போனை வைத்த பிறகுதான் அந்த டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, காய்ச்சல் விட்டது நல்லதற்கு இல்லை என்றாள். முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் நான் ஏன் போனை எடுக்கப்போகிறேன்.

என் பேர் பொன்செல்வி. எல்லை தாண்டி மலையாளத்துப் பக்கம், கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் சாப்பிடுகிற கேன்டீனில் காய்கறிப் பக்கம் என் பொறுப்பு. வீட்டுக்காரர் பேச்சிமுத்துவுக்கு விழிஞ்ஞத்தில், புதுத் துறைமுகத்தில் கம்பி கட்டுகிற வேலை. இரண்டு பேருக்கும் ஊர் பணகுடிப் பக்கம். அங்கே தன் அண்ணன் தாணுமாலையனின் லாரியில் கிளீனராக இருந்து, அண்ணன் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவரை, போதும் வாருங்கள் என்று கல்யாணம் ஆன கையோடு இங்கே இழுத்து வந்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குக் குடும்பத்தைப் பிரித்தவள் என்று பேர். பிரித்தவள்தான். யார் இல்லை என்றது?

ஒரு துருப்பிடித்த கம்பி பூட்ஸைத் துளைத்துப் பாதத்தில் ஏறியது. ஊசி போட்டுக்கொண்டு, கட்டுப் போட்டுக்கொண்டு, மனுஷன் மறுநாளே வேலைக்குப் போய்விட்டார். நான் கத்தத்தான் செய்தேன். கேட்டால்தானே. அந்த வாரமே முழங்கால் வரைக்கும் வீங்கி, உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டு, பேச்சுக் குழறிவிட்டது. ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு பைபாஸ் ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்று நேராக ஐ.சி.யு.வுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வாயில் குழாய், கழுத்தில் குழாய், பக்கத்தில் மூச்சு விடுகிற மிஷின். கையுறை போட்டுக்கொண்டு நெற்றியைத் தொட்டேன். கையுறைக்கு உள்ளேயும் சுட்டது.

அங்கே எனக்கு விஷயம் சொல்லக் கிடைத்தவள் டாக்டர் மாளவிகா. கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்துப் பெண். தமிழ் பேசுவாள், ஆனால் அவர்கள் வீட்டுத் தமிழ். நான் நாலு வார்த்தை பேசினால் அவளுக்கு இரண்டு புரியும். அவள் பேசுவது எனக்குப் புரிந்தாலும் கேட்கக் கேட்கக் கோபம் வரும். அத்தனை நிதானம். கிருமியைவிட, கிருமியோடு மல்லுக்கட்டுகிற அவர் உடம்புதான் இப்போது அவரைப் படுத்துகிறது என்றாள். உடம்பு தானே ஏதேதோ சுரந்து கொட்டுகிறதாம். அதில் ரத்தக்குழாய் தளர்ந்து, சிறுநீரகம் நின்று, எல்லாம் கெடுகிறதாம். சரி, மல்லுக்கட்டட்டும், என் வீட்டுக்காரர் சண்டைக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

தினமும் அவள் ஒரு சின்னக் குழாய் ரத்தம் தனியாக எடுத்துக்கொண்டு போவாள். மற்ற ரத்தமெல்லாம் ஆஸ்பத்திரி லேபுக்கு, இது மட்டும் அவளுடைய ஆராய்ச்சிக்கு. கேட்டுத்தான் எடுத்தாள், நானும் சரி என்றுதான் சொன்னேன். ஆனாலும் அந்தக் குழாயோடு அவள் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். படுத்துக் கிடக்கிறவரிடம் இன்னும் என்ன பிடுங்க இருக்கிறது?

ஒரு காலையில் நர்ஸ் சிஜி வெளியே வந்து, "சேச்சி, பனி போயி" என்றாள். பனி என்றால் இந்த ஊரில் காய்ச்சல். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உடனே மாமியாருக்குப் போன் போட்டேன். எங்கள் ஊரில் மாமியாரை அவர் இவர் என்றுதான் சொல்லவேண்டும். நேரில் நானும் நீங்கள் என்றுதான் பேசுவேன். இங்கே சொல்லமாட்டேன். மாடம்மாள் போனில் ஓவென்று அழுதாள். பிறகு, தலைக்குத் தண்ணி விடணும், இன்னைக்கே வாரேன் என்றாள். வாங்க அத்த, என்றேன்.

தலைக்குத் தண்ணீர் விடுவது என்றால் எங்கள் பக்கத்தில் சும்மா இல்லை. பெரிய காய்ச்சலில் கிடந்து ஒருவர் எழுந்தால், முத்தாரம்மன் கோயில் கிணற்றில் தண்ணீர் எடுத்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, தலையில் விட வேண்டும். எடுத்த தண்ணீரை விடுகிற வரைக்கும் கீழே வைக்கக்கூடாது. திரும்ப வீட்டுக்கும் கொண்டுபோகக்கூடாது. விட்ட பிறகு அந்த உடம்பில் காய்ச்சல் மறுபடி வரக்கூடாது. வந்தால் அதற்கு மறுகாய்ச்சல் என்று பேர். அம்மன் கைவிட்டுவிட்டாள் என்று அர்த்தம். மறுகாய்ச்சல் வந்து பிழைத்தவர்கள் எங்கள் ஊரில் இல்லை என்பார்கள்.

அதற்குப் பிறகுதான் மாளவிகா என்னைத் தனியே கூப்பிட்டது.

"காய்ச்சல் போயிடுத்துன்னு சந்தோஷப்படாதீங்கோ, பொன்செல்வி. அவருக்குக் காய்ச்சலடிக்கக்கூட இப்போ தெம்பில்லை. அதாக்கும் விஷயம்."

கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் அவர் ரத்தத்தில் எண்ணிக்கையில் குறையவில்லையாம். ஆனால் அவற்றில் சிலவற்றின் மேல் கை மாதிரி ஒரு மூலக்கூறு உண்டாம். கிருமியைப் பிடித்துத் துண்டாக்கி, அந்தத் துண்டை அந்தக் கையில் ஏந்திக் காட்டினால்தான் மற்ற அணுக்களுக்கு எதிரி யார் என்று தெரியும். முதலில் அளவுக்கு மீறிப் போட்ட சண்டையில் அணுக்கள் ஓய்ந்துபோய், அந்தக் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டன. அவள் தினமும் கொண்டுபோன ரத்தத்தில் எண்ணிக்கொண்டிருந்தது அந்தக் கைகளைத்தான். குறைந்துகொண்டே வந்து, இப்போது இல்லை என்றே சொல்லலாம். "ஆள் எல்லாம் இருக்கா. ஒருத்தரும் கையைத் தூக்கலை" என்றாள். இனி அவரைக் கொல்லப் பெரிய கிருமி எதுவும் வர வேண்டாம், நம் கையிலும் துணியிலும் சும்மா ஒட்டிக்கொண்டிருப்பதே போதும் என்றாள். அதனால் யாரும் வெறுங்கையால் தொடக்கூடாது, வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரக்கூடாது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. தினமும் குறைகிறது குறைகிறது என்று பார்த்துக்கொண்டேதானே இருந்தாய், அப்போது எங்கே போனாய் என்று அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டேன். என் புருஷன் என்ன உனக்குப் பரீட்சை எழுதுகிற பேப்பரா என்றேன். அவளுக்கும் முகம் சிவந்தது. இது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிற விஷயம், இதற்கென்று முடிவான மருந்து இல்லை, பெரிய டாக்டர்கள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள் என்றாள். நீங்கள் கத்துவதால் அந்த எண்ணிக்கை ஏறிவிடாது என்றும் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

மாமியாரைத் திருப்பி அனுப்பலாம் என்று போன் போட்டால் தாணுமாலையன் எடுத்தார். களியக்காவிளை எல்லை தாண்டிவிட்டோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார்கள். முன்னால் தாணுமாலையன், வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. பின்னால் மாடம்மாள், மூடி போட்ட பித்தளைத் தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு. பஸ்ஸில் அத்தனை தூரமும் அதை மடியில் வைத்தபடியே வந்திருக்கிறாள். நான் ஐ.சி.யு. கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். காய்ச்சல் விட்டது உடம்பு தேறியதால் இல்லை, உடம்பு ஓய்ந்துபோனதால், இந்தத் தண்ணீர் அவர் மேல் படக்கூடாது, நீங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். அணு, கை, மூலக்கூறு என்று டாக்டர் சொன்னதையும் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். தாணுமாலையன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காச்சல் விட்டுட்டுன்னு போன் போட்டதும் நீதான். இப்ப பாக்கக்கூடாதுன்னு சொல்லுததும் நீதான். என்னத்த மறைக்கே?"

மாடம்மாள் அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஏட்டி, நான் பெத்த புள்ளயப் பாக்க ஒனக்கிட்ட பாஸ் வாங்கணுமோ?"

"ஆமா, வாங்கணும்" என்றேன்.

அவ்வளவுதான். ஹாலில் உட்கார்ந்திருந்த எல்லா நோயாளிகளின் ஆட்களும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். நான் தாணுமாலையனின் தம்பியைக் கடற்கரைக்குக் கூட்டிவந்து கம்பியில் குத்த வைத்தது, ஊரில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அனுப்பாதது, பிள்ளை பெறாதது, எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. லாரியில் கிளீனராக வைத்துத் தம்பியை அண்ணன் எப்படி நடத்தினார் என்று அதே ஹாலுக்கு நான் எடுத்துச் சொன்னேன். செக்யூரிட்டி வந்து, இனி சத்தம் கேட்டால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவேன் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போனான்.

மாடம்மாள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தூக்குவாளி மடியில். கீழே வைக்கவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்தால் ஒரு கையால் குடித்தாள். கக்கூஸ் போகும்போது மட்டும் மகன் கையில் கொடுத்துவிட்டுப் போய், வந்ததும் வாங்கிக்கொண்டாள். பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய். எரிச்சலாக இருந்தது. அவளுக்கு அந்த வாளியை விட மனமில்லை, எனக்கு அந்தக் கதவை விட வழியில்லை. கடைசியில் நானே போய் ஒரு யோசனை சொன்னேன்.

"வாசல்ல ஒரு வேப்பமரம் நிக்கி. அது மூட்டுல ஊத்துங்க அத்த. அம்மனுக்குத் தெரியும்."

"மரத்துக்கா காச்சல் வந்தது?" என்றாள்.

சாயங்காலம் மருந்து வாங்கிவரச் சொல்லி என்னைக் கீழே அனுப்பினார்கள். மருந்துக் கடையில் கூட்டம். நான் நின்ற நேரத்தில் தாணுமாலையன் வேலையைக் காட்டிவிட்டார். இந்த ஊர்ச் சாலைச் சந்தைக்கு வருஷக்கணக்காக லாரி ஓட்டி வந்தவர், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. வயசான தாய், ஒரு தரம் முகம் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு பார்க்கக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று சிஜியிடம் உருகியிருக்கிறார். அந்தப் பெண்ணும் இளகிவிட்டாள். பார்வை நேரம்தானே, தொடாமல் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று சொல்லி, மாடம்மாளுக்குக் கவுனை மாட்டி உள்ளே விட்டிருக்கிறாள். கவுனுக்குள் இடுப்போடு தூக்குவாளி இருந்தது அவளுக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் மிஷின் கத்தியிருக்கிறது. சிஜி அங்கே ஓடிப்போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் மருந்துப் பையோடு மேலே வந்தேன். தூக்குவாளி தரையில் இருந்தது.

அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாடம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள், இரண்டு கையாலும். காலையிலிருந்து பட்டினி. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் தூக்குவாளியை எட்டி உதைத்தேன். அது உருண்டு போய்ச் சுவரில் மோதி, மூடி தனியே சுழன்று, அந்தச் சத்தம் அடங்க நேரமாயிற்று. அம்மன் தண்ணீர் இருந்த பாத்திரம். தாணுமாலையன் கையை ஓங்கிக்கொண்டு எழுந்தார். மாடம்மாள் அவரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, ஒதச்சிட்டேல்லா, சரி, என்று மட்டும் சொன்னாள்.

சேலை முந்தியை நனைத்து நெற்றி, கழுத்து, நெஞ்சு எல்லாம் துடைத்திருக்கிறாள். தலையில் கையளவு விட்டிருக்கிறாள். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் இறங்குகிற குழாயின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டர் ஊறித் தொங்கியது. சிஜி அழுதுகொண்டே அதை மாற்றினாள். மாளவிகா வந்து பார்த்தாள். உங்காத்து மனுஷாளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியலையா என்று என்னைத்தான் கேட்டாள். உள்ளே விட்டது என் ஆளா உங்கள் ஆளா என்று நான் கேட்டேன்.

தண்ணீர் விட்ட இரண்டாம் நாள் அவருடைய பிரஷர் இறங்க ஆரம்பித்தது. மருந்தைக் கூட்டக் கூட்ட இறங்கியது. ரத்தத்தில் மறுபடி கிருமி. முதலில் வந்ததல்ல, வேறு. கிணற்றில், ஈர மண்ணில், பாத்திரம் கழுவுகிற தொட்டியில் சும்மா கிடக்கிற கிருமியாம். என்னையும் உங்களையும் ஒன்றும் செய்யாது என்றாள் மாளவிகா. அது ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அவருக்கு உடம்பு ஒரு புள்ளிகூடச் சுடவில்லை. தெர்மாமீட்டர் சாதாரணத்துக்கும் கீழே காட்டியது. கிருமிக்கு மருந்து ஏறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மருந்து மட்டும் தனியாக எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவளுக்கே சந்தேகம். நான் கையுறையோடு நெற்றியைத் தொட்டேன். மீன் வாங்கும்போது தொட்டுப் பார்ப்போமே, அந்தக் குளிர்ச்சி.

வெளியே வந்து மாமியார் முன்னால் நின்றேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். விட எனக்கு மனமில்லை. அவள் துடிப்பதை நான் பார்க்க வேண்டும் போல இருந்தது.

"நீங்க விட்ட தண்ணியில இருந்த கிருமி இப்ப ஒங்க மவன் ரத்தத்துல ஓடுது. தெரியுமா?"

அவள் துடிக்கவில்லை. "காச்சல் அடிக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பொறவு என்ன? மேலு குளுந்துதானே கெடக்கு. அம்மன் குளுத்திட்டா. நீ சும்மா கெட."

சுவரோடு பேசலாம். அந்தக் குளிர்ச்சிதான் சாவு என்று இவளுக்கு நான் எந்த மொழியில் சொல்ல?

அன்றைக்கே மாளவிகா பெரிய டாக்டரோடு சண்டை போட்டு ஒரு முடிவோடு வந்தாள். சண்டை போட்டாள் என்று சிஜிதான் சொன்னாள். எனக்கு அப்போதுதான் அவள் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. இன்டர்ஃபெரான் என்று ஒரு ஊசி. கையைத் தூக்கு என்று அந்த அணுக்களுக்கு உடம்பு தானே அனுப்புகிற செய்திதானாம் அது. இவர் உடம்பு அனுப்புவதை நிறுத்திவிட்டது, நாம் வெளியிலிருந்து அனுப்பிப் பார்க்கலாம். எல்லாருக்கும் கொடுக்கிற மருந்து இல்லை. சிலருக்குக் கேட்டிருக்கிறது, சிலருக்குக் கேட்கவில்லை. அடங்கின சண்டை மறுபடி மூண்டு, அதிலேயே உயிர் போனாலும் போகலாம். என் சம்மதம் வேண்டும்.

"பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். பலிச்சா முதல்ல காய்ச்சல் வரும். அதைத்தான் நான் பாத்துண்டிருப்பேன்."

தாணுமாலையன் காதில் அந்த ஒரு வார்த்தைதான் விழுந்தது. காய்ச்சலை வரவழைக்கவா ஊசி போடுகிறீர்கள் என்று எகிறினார். தலைக்குத் தண்ணீர் விட்ட உடம்பு இது, இதில் காய்ச்சல் வந்தால் என்ன அர்த்தம் என்று இந்தப் பட்டணத்து அம்மாவுக்குத் தெரியுமா என்றார். வேண்டாம், அவனை இப்படியே ஊருக்குக் கொண்டுபோகிறோம் என்றார். மிஷினைக் கழற்றினால் வாசல் தாண்டமாட்டார் என்று மாளவிகா சொன்னாள். தாணுமாலையன் கேட்கிற நிலையில் இல்லை. அப்போது மாடம்மாள் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

"செல்வி, வேண்டாம்மா. மறுகாச்சல் வந்தா எம்புள்ள பொழைக்க மாட்டான். ஒன் காலுல விழுதேன்."

இதில் அவர் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காய்ச்சல் விட்டவனுக்கு ஊசி போட்டுக் காய்ச்சலை வரவைத்துக் கொன்றவள் என்று ஊர் முழுக்கப் பேசும். அவர் சாவுக்குக்கூட என்னை அந்த வீட்டுக்குள் விடமாட்டார்கள். போடாமல் விட்டாலோ, இவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நல்ல குளிர்ந்த உடம்போடு அவர் போய்விடுவார். ஒருவரும் என்னைக் குறை சொல்லப்போவதில்லை. நான் மாமியாரின் கையை உதறினேன்.

"போடுங்க டாக்டர்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர்கள் ஹாலின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார்கள், நான் இந்தக் கோடியில். நசுங்கின தூக்குவாளியை மாடம்மாள் எடுத்துக் கழுவித் தன் பைக்குள் வைத்திருந்தாள். கேன்டீனிலிருந்து கூடவேலை செய்கிற ஜெஸ்லின் சோறு கொண்டுவந்தாள். பாதியை அங்கே கொடுக்கச் சொன்னேன். அவர்கள் தொடவில்லை. மாளவிகாவைப் பார்க்கும்போதெல்லாம் கை தூக்கிவிட்டதா என்று கேட்பேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பாள். முன்னால் எந்தச் சின்னக் குழாயைப் பார்த்து வயிறு எரிந்தேனோ, அதே குழாயோடு அவள் லேபுக்குப் போகும்போது, இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் என்ன என்று இருந்தது. பிரஷர் ஏறவில்லை. உடம்பும் சுடவில்லை. ஒரு பொழுது, இது நடக்காது, இவள் பேச்சைக் கேட்டு நான்தான் கெடுத்துக்கொண்டேன் என்றே நினைத்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நேரம், சிஜி கதவைத் திறந்தாள். "சேச்சி, பனி உண்டு" என்றாள். நல்ல பனி என்றாள்.

மலையாளம் தெரிந்த தாணுமாலையனுக்கு அது போதும். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். பிறகு போனை எடுத்து ஊருக்குப் பேச ஆரம்பித்தார். மறுகாய்ச்சல் வந்துவிட்டது, வண்டி பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றார். மாடம்மாள் நெஞ்சில் அடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். நான் அதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. கவுனை மாட்டி, கையைக் கழுவி, கையுறையை இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மாளவிகா கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். நான் அவர் நெற்றியில் கையை வைத்தேன். சுட்டது. முதல் நாள் சுட்ட மாதிரியே, கையுறைக்கு உள்ளேயும் சுட்டது. என்னையறியாமல் அழுதுவிட்டேன். ரத்தத்திலும் பார்த்துவிட்டாளாம், கைகள் தூக்க ஆரம்பித்திருக்கின்றன. பிரஷரும் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"இன்னும் கரை ஏறலை, பொன்செல்வி. இதுலயும் போறவா உண்டு. ஆனா இப்போ அவர் படுத்துண்டு இல்லை, சண்டை போடறார்."

வெளியே வந்தேன். மாடம்மாள் தரையில் கிடந்து தலையை ஆட்டி ஆட்டி அழுதுகொண்டிருந்தாள். ஹால் முழுக்க அவளைச் சுற்றி நின்றது. அவள் அழுததைக் கேட்டேன். நான் விட்ட தண்ணி எம்புள்ளயக் கொன்னுட்டுதே, நான் விட்ட தண்ணி எம்புள்ளயக் கொன்னுட்டுதே என்று அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். உடம்பு குளிர்ந்து கிடந்தபோது நான் தலையால் அடித்துக்கொண்டு சொன்னது அவள் மண்டையில் ஏறவில்லை. சுட்ட பிறகு ஏறிவிட்டது.

அத்தனை பேர் முன்னால் அவள் வாயாலேயே வந்துவிட்டது. இதைக் கேட்கத்தானே இத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் அழட்டும் என்று விட்டேன். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். முகம் கழுவினேன். திரும்பி வந்தபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், குரல்தான் போய்விட்டது. கேட்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"அழாதீங்க. சாகல. இந்தக் காச்சல் நல்லதுக்கு வந்த காச்சல். ஒங்க மவன் இப்பத்தான் எந்திரிச்சுச் சண்டை போடுதாவ."

அவள் முகத்தைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என்னை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யாருகூட?"

"நீங்க கொண்டாந்த தண்ணிகூட" என்றேன். இனிப்புத் தடவிச் சொல்ல எனக்கு வராது.

அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. முந்தியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். ஐ.சி.யு. கதவைப் பார்த்தாள்.

"அப்ப நல்லா போடட்டும்" என்றாள். "விடாம போடட்டும்."